அப்பா கூப்பிடுற வரைக்கும்

விடியக்காலம் நாலரை மணி. ஆள் அரவமே இல்லாத ரோடு. முன்னாடி ஒரு வண்டி இல்ல, பின்னாடி ஒரு வெளிச்சம் இல்ல... என் ஃப்ரெண்டோட அக்கா புருஷன் தனியா கார் ஓட்டிட்டுப் போறாரு. தனியான்னா... பின் சீட்டுல அவர் பொண்ணு. அஞ்சு வயசு. வாயைத் திறந்துட்டுத் தூங்குது.

டேய், சிரிச்சது போதும். தள்ளி உக்காந்து கேளு.

மனுஷன் போட்டோகிராபர். வருஷா வருஷம் மைதானத்துல நடக்கிற பழைய கார் கண்காட்சியைப் படம் எடுக்கத்தான் போறாரு. ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம் வரும். ஆனா இவர் படத்துல ஒரு தலைகூட இருக்காது. எப்படின்னு கேளு. கேமராவை ஸ்டாண்டுல ஆடாம நிறுத்தி, ஒரே காரைத் திரும்பத் திரும்ப எடுப்பாரு. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்ப்பாரு. அசைஞ்சது எல்லாம் அழிஞ்சிடும். அசையாதது மட்டும் நிக்கும்.

அன்னிக்கு ஒரு கறுப்புக் கார். உள்ள பழைய தோல் வாசனை... லேசா அந்துருண்டை வாசனை. பொண்ணு உக்காரணும்னு அடம் பிடிச்சுது. கார்க்காரரும் தலையாட்டிட்டாரு. இவர் பின் சீட்டுல ஏத்தி, கதவைச் சாத்திட்டுச் சொன்னாரு, "அப்பா கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சா படத்துல இருக்க மாட்ட."

க்ளிக்... க்ளிக்... க்ளிக்...

முடிச்சுட்டுக் கதவைத் திறந்தா... சீட்டு காலி.

எடுத்த படத்தை ஒவ்வொண்ணா பார்த்தாரு. கதவு திறக்கவே இல்ல. பொண்ணும் எதுலயும் இல்ல. மைக்குல கத்துனாங்க, போலீஸ் வந்துச்சு, சல்லடை போட்டுத் தேடுனாங்க. ம்ஹூம்.

மறுநாள் பித்துப் பிடிச்ச மாதிரி அந்தப் படங்களைச் சேர்த்தாரு. கூட்டம் மொத்தமும் அழிஞ்சிடுச்சு. பின் சீட்டுல பொண்ணு... முதுகு நிமிர்ந்து, கையை மடியில வெச்சு. சொன்ன பேச்சைத் தட்டாத புள்ளைடா அது.

அடுத்த வருஷமும் போனாரு. அதே கார். திறந்தா ஒண்ணும் இல்ல. சேர்த்தா இருக்கு. அதே கவுன்... முடி மட்டும் தோளைத் தாண்டிடுச்சு. அதுக்கு அடுத்த வருஷம், கவுன் பத்தலை.

அக்கா கத்துனாங்க. "கூப்பிடுங்களேன்! நீங்க கூப்பிடாம அது எப்படிங்க இறங்கும்?"

"அசைஞ்சா படத்துலயும் இருக்க மாட்டாடி. எனக்கு மிச்சம் அது ஒண்ணுதான்."

இருதலைக் கொள்ளி எறும்புன்னு சும்மாவா சொன்னாங்க.

அதுக்கும் அடுத்த வருஷம் அக்காவும் போனாங்க. அவர் எடுக்க ஆரம்பிச்சதும் நேரா கார்கிட்ட போய் நின்னாங்க. நகரவே இல்ல. அவரும் பார்த்தாரு... கேமராவுக்குப் பின்னாடி இருந்து, "வாடா செல்லம்... போதும்"னு கூப்பிட்டுட்டாரு.

அன்னிக்குச் சேர்த்த படத்துல கார்க் கதவு அகலத் திறந்து கிடக்குது. யாரும் திறக்கலை. சீட்டு காலி. அக்கா மட்டும் நிக்கிறாங்க.

அதுக்கப்புறம் வீட்டுல, தெருவுல, எங்கெங்கயோ எடுத்துச் சேர்த்துட்டாரு. பொண்ணு எதுலயும் வரலை. இப்ப கேமராவைத் தொடுறதே இல்ல. சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்காரு.

போன மாசம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா இடது கையாலதான் டீ கொடுத்தாங்க. வலது கை... உள்ளங்கை கீழ பார்த்த மாதிரி, அந்தரத்துல அப்படியே நிக்குது. அந்தக் கார்கிட்ட நின்ன நாள்ல இருந்தே அப்படித்தானாம். டாக்டர் நரம்புல ஒண்ணும் இல்லைன்னுட்டாராம். கீழ இறக்கப் பார்த்தா அடியில ஏதோ முட்டுதாம்.

ஃப்ரெண்டு வாசல் வரைக்கும் வந்து மெதுவா சொன்னான்... "மொதல்ல அந்தக் கை நெஞ்சுகிட்ட இருந்துச்சுடா. வருஷா வருஷம் மேல ஏறுது. இப்ப தோள்கிட்ட வந்துடுச்சு."