இருபத்திரண்டு படங்களும் அத்தையின் காலும்

வாட்டர் கலருக்கு எங்கள் மல்லசமுத்திரத்து போர்வெல் தண்ணீர் ஒத்துவராது சார். காய்ந்ததும் தாளில் உப்புப் பூத்துவிடும். படம் வரைய மட்டும் தனியாகக் கேன் தண்ணீர் வைத்திருப்பேன். அவ்வளவு பார்த்துப் பார்த்து வரைந்த இருபத்திரண்டு படங்களையும் உங்கள் போலீஸ்காரர்கள் ஸ்டேஷனின் ஈரச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

நான் முறையாக ஓவியம் படித்தவன் இல்லை. கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பண்ணையில் கோழி செத்தால் அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். ஈரலிலும் குடலிலும் தெரிகிற நிறங்களை எழுத்தில் விளக்க முடியாமல்தான் முதலில் வரைய ஆரம்பித்தேன். பிறகு அதுவே ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. மற்றவர்கள் வரைவதையும் பார்த்திருக்கிறேன். மலை, தென்னை, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். எனக்குக் குமட்டும். எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிய மாதிரி இருக்கும்.

என் மனைவி மஞ்சுளாவின் அம்மா மயிலம்மாள் எங்களோடுதான் இருந்தார். சர்க்கரை நோய்க்காரர். போன தை மாதம் செருப்புக் கடித்து வலது குதிகாலில் புண் வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதித் தந்து, தினமும் கட்டு மாற்றச் சொன்னார்கள். மஞ்சுளாவுக்கு அந்த வாடை ஆகவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரமே நிற்பாள். "உங்களுக்குத்தானுங்க இதெல்லாம் பழக்கம்" என்றாள். கோழிக்கு ஊசி போடுகிறவன் என்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் டாக்டர்.

முதல் நாள் கட்டைப் பிரித்தபோது எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஓரத்தில் ஒரு மஞ்சள், அதற்கு உள்ளே பச்சை கலந்த சாம்பல், நடுவில் ஈரமான சிவப்பு. எந்த டியூபிலும் அந்தச் சிவப்பு கிடையாது. அன்று சாயங்காலமே வரைந்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று.

ஆறாவது படத்தைச் சேலத்தில் ஒரு கண்காட்சியில் வைத்தேன். நவநீதகிருஷ்ணன் என்று ஒரு பேங்க் அதிகாரி வெகுநேரம் நின்று பார்த்தார். "மழைக்கு முன்னால வர்ற வானமுங்களா? ஊட்டு ஹால்ல மாட்டுனா நல்லாருக்குமுங்க" என்றார். வானம்தான் என்றேன்.

அத்தையிடமும் ஒருநாள் காட்டினேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. "பூவுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். "ஆமாங்க அத்தை" என்றேன். "நல்லாருக்குது சாமி" என்று தாளைத் தடவிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் புண் ஆறத் தொடங்கியது. ஓரமெல்லாம் ரோஸ். பிளாஸ்டிக் பொம்மைக்குப் பூசுகிற அதே ரோஸ். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த அருவருப்பு முதல் நாள்கூட வரவில்லை. இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மஞ்சுளாவிடம் சொன்னேன். நம்பினாள். ஒட்டியிருக்கும் துணியை நனைக்காமல் இழுத்தால் புதுத் தோலும் கூடவே உரிந்து வரும். அத்தைக்கு மரத்துப்போன கால், வலி தெரியாது. தினமும் அப்படித்தான் இழுத்தேன். நான்கே நாளில் நிறங்கள் திரும்பி வந்துவிட்டன.

மாசிக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. "ஏனுங்க மாப்பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தரலாமுங்களா? ஒடம்பு நடுங்குது" என்றார். அப்போது கணுக்காலுக்கு மேலே ஒரு கருநீலம் ஏறிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாவது படம் அதுதான். பாதியில் இருந்தது. "மருந்து வேலை செய்யுதுங்க அத்தை, இன்னும் ரெண்டு நாள் பொறுங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க சாமி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

படம் முடிந்த பிறகு அத்தையைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலோடு வெட்டி எடுத்தார்கள். மறுநாள் இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது மஞ்சுளா படங்களை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதி போட்டு 'வலது குதிகால்' என்று எழுதியிருந்தேன். வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தவள், ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அப்புறம்தான் உங்களிடம் வந்தாள். அவள் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வாந்தி எடுத்ததுதான் கஷ்டமாக இருக்கிறது. என்ன இருந்தாலும் பெற்ற தாயின் கால்.

மாத்திரையை நிறுத்தியது நான். ஆறின தோலை உரித்தது நான். அந்த இரண்டு நாள் பொறுக்கச் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதோடு இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் சார்: அந்த வீட்டில் அவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.