நிரா பாத்தியில் அறுத்த இலைகள்

பெயர் ஹட்டோரி கினுயோ, வயது 61, கணவர் இல்லை. நாகானோ மாவட்டம் கமிசாவா கிராமத்தில் குடியிருக்கிறேன். பள்ளிச் சமையற்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதைச் சொல்கிறேன்.

என் தோட்டத்தில் பூண்டு மணமுள்ள நிரா கீரைப் பாத்தி இருக்கிறது. சென்ற இலையுதிர் காலத்தில் சுய்சென் பூச்செடியின் கிழங்குகளை அதன் ஓரத்தில் நட்டவள் நான்தான். பூ விடும்வரை இரண்டின் இலையும் ஒன்றுபோலவே இருக்கும். சுய்சென் இலை நஞ்சு என்பதும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 6 காலை பக்கத்து வீட்டு மகபே சுமிகோவுக்கு அந்தப் பாத்தியிலிருந்து ஒரு கட்டு கீரை அறுத்துக் கொடுத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்து, "என்னக்கா, வாசனையே வரலயே?" என்று கேட்டார். எனக்கும் அது தோன்றியிருந்தது. ஆனாலும், "எனக்கே கீரை சொல்லித் தர்றியா? எத்தனை ஆயிரம் பிள்ளைங்களுக்குச் சமைச்சவ நான்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அதன் பிறகு மதியம் சுமிகோவும் அவர் கணவரும் அதை முட்டையோடு வதக்கிச் சாப்பிட்டு, அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கணவருக்கு நினைவு தப்பியது. நான் தோட்டத்துக்குப் போய், அறுத்த இடத்தில் மண்ணைக் கிளறினேன். கிழங்குகள் இருந்தன. அவற்றைப் பிடுங்கி ஓடையில் போட்டுவிட்டு, பாத்தியைச் சமன்படுத்தினேன். அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனபோது சுமிகோ என் கையைப் பிடித்துக்கொண்டு, முட்டைதான் கெட்டிருக்கும் என்றார். நான் அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் சுகாதார அதிகாரி வந்து கீரை எங்கே அறுத்தது என்று கேட்டார். நான் உண்மையான நிரா வரிசையைக் காட்டினேன். அவர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

ஏப்ரல் 8 காலை, சுமிகோவுக்கும் எனக்கும் முட்டை விற்கும் நகாஜோ ஃபுசாஎ என் வீட்டு வாசலில் வந்து தலை குனிந்து நின்றார். அவருக்கு வயது 70. "நீங்களும் எங்கிட்டதானே வாங்குறீங்க. இருந்தா சாப்பிடாதீங்க, தூரப் போட்டுருங்க. என்னை மன்னிச்சிருங்க" என்றார். தவறு அவருடையது அல்ல என்று சொல்லாமல் தலையாட்டினேன். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அப்படி ஒன்பது வீடுகளுக்குப் போனதாகப் பின்னர் அறிந்தேன்.

அதன் பிறகு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, அவர்கள் சாப்பிட்டது சுய்சென் இலை என்று மருத்துவரிடம் சொன்னேன். சுமிகோவின் கணவர் அன்று மாலை பேசத் தொடங்கியதாகக் காவல் நிலையத்தில் சொன்னார்கள்.

தொலைபேசியை வைத்ததும் ஃபுசாஎ வீட்டுக்கு நடந்து போனேன். அவர் கொல்லையில் கோழிகளைக் கொன்றுகொண்டிருந்தார். இருபத்தாறில் நான்கு மீதி இருந்தன. நான் மண்டியிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மீதிக் கோழிகளைப் பார்த்தார். "அப்ப இதுங்களுக்கு ஒண்ணுமில்லயா?" என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு வந்தேன். இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே உள்ளது, திருத்த ஒன்றுமில்லை.

(ஒப்பம், கைரேகை) ஹட்டோரி கினுயோ