கேரவனில் நாலாம் நாள்

— அந்தத் தகர டப்பாவ உள்ள கொண்டுவராத யோகெம். தண்ணி சிந்துது பாரு.

— பதினெட்டு மில்லிமீட்டர். காலைலேர்ந்து மட்டும்.

— இது என்ன நம்ம பண்ணையா, மழைய அளக்க? கடலுக்குள்ள விழற மழை. இத அளந்து யார்கிட்ட போய்ச் சொல்லப்போற?

— அளக்காம இருக்க முடியல, அலெட்டா. கை பழகிப்போச்சு.

— பழகிப்போச்சாம்! ஆறு வருஷமா நம்ம மழைமானில சிலந்தியில்ல குடியிருந்துச்சு.

— அதான். கிடைக்கிற எடத்துல அளந்துக்கறேன். அங்க நம்ம கரூ பொட்டல்ல ஆடு நாக்க நீட்டிக்கிட்டு நிக்குது, இங்க உப்புத் தண்ணில கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. வானத்துக்கு வழி தெரியல.

— தலையத் துவட்டு மொதல்ல. அந்தப் பக்கம் உக்காராத, மெத்தை நனைஞ்சிருக்கு. ஜன்னல் ரப்பர் போயிடுச்சுன்னு எல்ஸாபே ஒரு வார்த்த சொன்னாளா பாரு, கேரவனக் குடுக்கும்போது.

— நம்ம பொண்ணு என்ன கனவா கண்டா, டிசம்பர்ல, நடுக்கோடைல, இந்தக் கரைல மழை பெய்யும்னு? வெயில் கொளுத்தும், தொப்பி மறக்காதீங்கன்னுதான் சொன்னா. பக்கத்து வண்டிக்காரர் முப்பது வருஷமா இந்த லாம்பர்ட்ஸ் பே கடற்கரைக்கு வர்றாராம். இப்படி ஒண்ணப் பாத்ததே இல்லையாம். நேத்து அவரும் மூட்டை கட்டிட்டார்.

— கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்துல நமக்கு இதான் மொத லீவு. நீச்சல் உடை வாங்கினேன், இந்த வயசுல. மடிச்சது மடிச்சபடி கெடக்கு.

— இப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லு. கடல் வரைக்கும் நடக்கற வேல மிச்சம்.

— சிரிக்காத. காபி ஊத்தவா?

— ஊத்து. ரஸ்க் இருக்கா?

— நமுத்துப்போச்சு. முக்கித்தானே திங்கப்போற, எப்படி இருந்தா என்ன. யோகெம்...

— ம்.

— உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மணல்ல நடக்கும்போது சொல்லலாம்னு வெச்சிருந்தேன். நாலு நாளா வண்டிய விட்டே இறங்க முடியல.

— சொல்லு.

— இந்த ஊர்ப் பள்ளிக்கூட விடுதில பிள்ளைங்களப் பாத்துக்க ஒரு பொம்பள வேணும்னு கேட்டிருந்தாங்க. எழுதிப் போட்டேன். என்னையே எடுத்துக்கறாங்களாம். தங்க எடமும் தர்றாங்க. ஜனவரில வரச் சொல்றாங்க.

— எப்ப எழுதின?

— செப்டம்பர்ல. தாயாடுங்களுக்குப் பால் இல்லன்னு குட்டிங்கள நீயே உங்கையால கொன்னுட்டு வந்து, ரெண்டு நாள் சாப்பிடாமப் படுத்தியே... அந்த வாரம்.

— சரி.

— என்ன சரி? கத்து. திட்டு. ஏதாவது பண்ணு.

— நான் வரலன்னா?

— நான் மட்டும் போவேன். உன்ன விட்டுட்டுப் போகணும்னு ஆசையா எனக்கு? அங்க இன்னொரு வருஷம் என்னால முடியாது, அவ்வளவுதான். காத்து ஊளையிடறதயே எத்தன நாளு கேப்பேன்? பிள்ளைங்க சண்டை போடற சத்தமாவது கேக்கணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு நான் பதில் சொல்லணும்.

— அங்க எம்பது ஆடு இருக்கு, அலெட்டா.

— அறுநூறு இருந்துச்சு.

— எம்பதும் உசுருதானே. யாரு தீவனம் வெப்பா?

— இப்ப யாரு வெக்கிறா? பக்கத்துப் பண்ணை கூஸ்தானே?

— ஒரு வாரம் வெப்பான். அவனுக்கும் அவன் ஆடு இருக்கில்ல.

— உன் போன் அடிக்குது.

— கூஸ்தான்.

— நூறு ஆயுசு அவனுக்கு. எடு.

— ஹலோ, கூஸ்! சத்தமா பேசு, இங்க கூரைல மழை அடிக்குது... அங்க என்ன சத்தம்?... எப்பலேர்ந்து?... எத்தன?... திருப்பிச் சொல்லு... ஆத்துலயா? நம்ம ஆத்துலயா?... ஆடுங்க?... மேட்டுக்கு ஓட்டிட்டியா. சரி... சரிடா. அழாத. வீட்டுக்குப் போய் ஈரத்த மாத்து.

— என்னாச்சு? யோகெம், என்ன சொல்றான்?

— மழை. நேத்து மத்தியானத்துலேர்ந்து விடாமப் பெய்யுதாம். எழுபத்திரண்டு மில்லிமீட்டர். ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுதாம்.

— கடவுளே.

— ஆடுங்க பத்திரமா இருக்கு. குளம் நெறஞ்சிடுச்சாம். தவளை கத்துதாம், அலெட்டா. இத்தன வருஷமா எந்த மண்ணுக்குள்ள கெடந்துச்சோ.

— அங்க உக்காராத, நனைஞ்ச பக்கம் அது.

— இருக்கட்டும்.

— அழறியா? அழு. நல்லா அழு. நான் துணிமணிய எடுத்து வெக்கிறேன்.

— எதுக்கு?

— எதுக்கா? கெளம்ப வேணாமா? இதுக்குத்தானே ஆறு வருஷமா மேகத்தப் பாத்துக்கிட்டு கெடந்த. மூணு வாரத்துல புல்லு தலை காட்டிடும். அப்புறம் உன்ன அங்கேர்ந்து யாரு பெயர்க்கறது? வா, உன்னக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து, என் வழிய நான் பாத்துக்கறேன்.

— துணிய வை. இப்படி உக்காரு.

— சமாதானம் எல்லாம் பேசாத எங்கிட்ட.

— சமாதானம் இல்ல. நாக்கு வறண்டு கெடக்கறவங்கள விட்டுட்டு எப்படி எந்திரிச்சு வர்றது? அந்த மண்ண விட்டு வர எனக்கு மனசு வராததும் அதனாலதான். இப்ப அது வயிறாரக் குடிச்சிருச்சு. புல்லு வந்ததும் ஆடு, நெலம் எல்லாத்தையும் கூஸே எடுத்துக்கட்டும், அவனும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். நீ பள்ளிக்கூடத்துக்குப் போன் போடு, ரெண்டு பேரா வர்றோம்னு சொல்லு.