பிரிட்டாவின் வலது கால்

எங்கள் கல்லூரியில் பயிற்சியாளர் என்றால் வேன் ஓட்டுநர் என்றும் பொருள். சீருடை துவைப்பவன், வாழைப்பழம் வாங்குபவன், உறைந்த புல்லில் எல்லைக்கொடி நடுபவன், எல்லாம் நானே. குறையாகச் சொல்லவில்லை. மினசோட்டாவில் எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிகள் விளையாட்டுக்கு உதவித்தொகை தருவதில்லை. இங்கே ஓடுகிறவர்கள் ஓட்டத்தின் மேலுள்ள அன்பால் ஓடுகிறார்கள். எங்கள் கல்லூரித் தலைவர் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கண்கலங்கச் சொல்வார். மறுநாள் பெற்றோர்களுக்குக் கட்டண ரசீது போகும்.

பிரிட்டா ஹால்வர்சன் பால்பண்ணைக்காரர் மகள். பள்ளி முடித்து வந்தபோது அவளை எந்தப் பெரிய கல்லூரியும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கைவீச்சைத் திருத்தியது நான். மூன்றாம் ஆண்டில் நெடுந்தூர ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. வேனில் மற்ற பெண்கள் என்னைச் சீண்டுவார்கள்.

“கோச், வேன விட பிரிட்டாதான் வேகம். இறக்கி விடுங்க, முன்னால போய் காபி போட்டு வெப்பா.”

“நம்ம கோப்பை அலமாரிய ஆண்டுக்கிட்டிருந்த சிலந்திக்கு இவதான் எமன்.”

அக்டோபரில் ஒருநாள் அவள் முன்னிருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

“கோச், உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். ஒரு பெரிய யுனிவர்சிட்டில கூப்பிடறாங்க. முழு ஸ்காலர்ஷிப். மண்டலப் பந்தயத்துல அவங்க கோச் நேர்ல வந்து பாக்கணுமாம், அவ்வளவுதான்.”

“இங்க என்னம்மா குறை?”

“ஒண்ணுமில்ல கோச். அப்பா பாதி மாட்ட வித்துட்டார். அடுத்த வருஷம் ஃபீஸ் கட்ட முடியாது.”

வாழ்த்தினேன். சாலையைப் பார்த்தே ஓட்டினேன். துரோகம் செய்கிறவர்கள் பெரும்பாலும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

சில நாளில் வலது கால் வலிக்கிறது என்றாள். பெரிய இடங்களில் இதற்கு ஸ்கேன் உண்டு. என்னிடம் இசைக்கவை உண்டு. தட்டி, அதிர அதிரக் கீழ்க்கால் எலும்பில் வைக்க வேண்டும். தசைவலி என்றால் சும்மா இருப்பார்கள். எலும்பில் கீறல் என்றால் துடித்துப்போவார்கள். பிரிட்டா நகம் பதிய என் தோளைப் பற்றிக்கொண்டாள்.

“தசைதான், ஐஸ் வை. டாக்டர்கிட்ட போனா சும்மா உக்கார வெச்சிடுவாங்க.”

“நீங்க சொன்னா சரி கோச்.”

ஓய்வெடுத்திருந்தால் ஆறியிருக்கும். அந்தப் பல்கலைக்கழகம் காத்திருக்கவும் கூடும். ஆகவே பயிற்சியைக் கூட்டினேன். கீறல் விட்ட எலும்புக்கு ஏற்றத்தைவிட இறக்கமே எதிரி; இறக்கங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அவள் ஒருநாளும் தவறவில்லை.

மண்டலப் பந்தயத்தில் கடைசித் திருப்பம்வரை அவள்தான் முன்னால். பல்கலைக்கழகத் தொப்பி போட்ட மனிதர் கையில் கடிகாரத்தோடு நின்றிருந்தார். காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அவர் கொஞ்சநேரம் வருத்தத்தோடு பார்த்தார். பிறகு இரண்டாவதாக வந்தவளின் பெயரைக் கேட்டார்.

உங்கள் விசாரணைக் குழு ‘அலட்சியம்’ என்று எழுதியிருக்கிறது. அது சரியல்ல, திருத்திக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுப் பயிற்சியாளன் நான். எலும்பு என்று தெரியும். உடைய வேண்டும் என்றுதான் ஓடவிட்டேன்.

அவளிடம் முதலில் ஓடிப்போனதும் நான்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“மன்னிச்சிடுங்க கோச்.”

அங்கேயே மன்னித்துவிட்டேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.