சூரியனின் நிஜ நிறம்

கோடை அறிவியல் முகாமில் முதலில் தீர்ந்துபோவது பசைதான், மேடம். அட்டை, பலூன், நூல்கண்டு எல்லாம் மிஞ்சும். பசை மட்டும் வந்த வேகத்தில் காலி. பாதி சட்டையில் போகும், மீதி தலைமுடியில். அதற்காக நான் யாரையும் திட்டியதில்லை. கையால் செய்து பார்க்கத்தானே பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

எங்கள் வீட்டு மாடியில்தான் முகாம் நடக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நீள மேசைகளை இழுத்துப் போடுவோம். பாடம் நான். சாப்பாடு போடுவதும், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதும் என் மனைவி.

இந்த வருடம் தையல்காரர் மகள் வந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் அவளை 'ஏன்' என்றே கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வரும்.

பெற்றோர்கள் வந்து பார்க்கும் நாளில் மெழுகுவர்த்திச் சோதனை செய்தேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி. மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்ஸிஜன் எரிஞ்சு தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு" என்றேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

"அப்படின்னா எரியும்போதே மெல்ல மெல்ல ஏறணுமே, சார்? அணைஞ்சப்புறம்தானே சட்டுனு ஏறுது?"

"நல்ல கேள்வி. அப்புறம் பேசலாம்."

அவளுக்கு அப்புறம் வரைக்கும் பொறுமை இல்லை. மூன்று மெழுகுவர்த்திகளைச் சேர்த்து ஏற்றி, அதே டம்ளரைக் கவிழ்த்தாள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது.

"டம்ளர்ல இருக்கிற ஆக்ஸிஜன் அதேதானே, சார்? சூட்டுல காத்து வெளிய போயிடுது. ஓரத்துல குமிழ் வந்துச்சே, பாக்கலையா? ஆறினதும் தண்ணி உள்ள வருது."

அவள் சொன்னதுதான் சரி. யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். என் மனைவியும் சிரித்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது, "பொடுசு உங்களையே மடக்கிடுச்சே" என்று மறுபடி சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் ஒருதரம் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தலையாட்டினால்தான் அவர்களுக்கு நிம்மதி. எனக்கு அவள்மேல் கோபம் கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். தனக்குத் தெரியாததும் உலகத்தில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது காட்ட வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கடைசி நாள் மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைப்போம். முன்பக்கம் ஃபில்டர் மாட்டினால் சூரியன் ஆரஞ்சு வில்லை மாதிரி தெரியும். வரிசையாக எல்லோரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"சார், இது சூரியனோட கலரா, ஃபில்டரோட கலரா?"

"ஃபில்டரோடது."

"அப்ப நிஜக் கலர்?"

"எல்லாரும் சாப்பிடப் போகட்டும். உனக்கு மட்டும் காட்டறேன்."

முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். கீழே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நான் ஃபில்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அது இல்லாம பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உள்ளே இன்னொண்ணு இருக்கும்மா."

முதல்முறையாக நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். குனிந்து பார்த்தாள். உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அழவில்லை. கண்ணின் உள்சுவர் வெந்தால் வலி தெரியாது, மேடம். "நடுவுல கறுப்பா இருக்கு, சார்" என்று கண்ணைக் கசக்கினாள், அவ்வளவுதான்.

கழற்றிய ஃபில்டரைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என் மனைவியும் அழுதழுது அதையேதான் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம நடந்துபோச்சு, சார். நீங்க மனசை விட்டுடாதீங்க" என்றார். பிள்ளை இன்னும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இரண்டு கண்ணும் எப்படிப் போனது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளே மாற்றி மாற்றிப் பார்த்திருப்பாள் என்று முடிவு செய்துவிட்டீர்கள்.

அவள் மாற்றிப் பார்க்கவில்லை. கீழே இறங்கத்தான் போனாள். நான்தான் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"கண்ணு கூசுது, வேற ஒண்ணுமில்ல. இன்னொரு கண்ணால பாரு, தெரியும்."

பின்னந்தலையில் கை வைத்திருந்தேன். அழுத்தவில்லை. கொஞ்சம்தான் அழுத்தினேன்.

இதை நான் சொல்லாமலேகூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாக்குமூலத் தாளில் 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இத்தனை வருடத்தில் என் முகாமில் ஒரு பிள்ளையின் விரலில்கூடக் கீறல் விழுந்ததில்லை, மேடம். நான் அவ்வளவு ஜாக்கிரதையான ஆள்.