பேஸ்மென்ற் பிள்ளை பற்றிய பத்து வசனங்கள்

எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. தினமும் காலையில் கையில் பட்டியைச் சுற்றி அளந்து, காலண்டரில் குறித்து வைப்பேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

நேற்று உங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் நான் பத்துச் சொல் சொன்னால் மூன்று சொல்தான் உங்களுக்குச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. விரும்பினால் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். எழுதுகிறேன். பெயர் மனோரஞ்சிதம், வயது அறுபத்திரண்டு, வீடு மல்வேர்னில். என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை.

செவ்வாயும் வியாழனும் காலையில் நான் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். செரீனா என்ற ஆசிரியை வாரம் ஒரு வினைச்சொல் தருவா. அதை வைத்துப் பத்து வசனம் எழுதவேண்டும். புத்தகத்தில் பார்த்து எழுதக்கூடாது, சொந்த வாழ்க்கையிலிருந்து வரவேண்டும் என்பது அவவின் கண்டிப்பு. மார்ச் கடைசி வாரம் தந்த சொல் மொனிற்றர். ஒன்றை விடாமல் கவனித்துக் குறித்துக்கொள்வது என்று விளக்கினா.

முதல் வசனம் சுலபம். ஐ மொனிற்றர் மை பிளட் பிறஷர் எவ்ரி மோர்னிங். இரண்டாவது அடுப்பில் கொதிக்கும் சோறு. மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே விழும் பனி. அதோடு என் வாழ்க்கை முடிந்துவிட்டது. புருஷன் சச்சிதானந்தன் போன வருடம் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. அப்போதுதான் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில், வாடகைக்கு சஜிதா இருக்கிறாள் என்ற நினைப்பு வந்தது.

சஜிதா ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். கலியாணம் கட்டி இங்கே வந்து, மூன்று வருடத்தில் கைப்பிள்ளையோடு புருஷனை விட்டு ஓடி வந்தவள். அவன் அவளுக்குக் கிட்ட வரக்கூடாதென்று நீதிமன்றம் எழுதிய தாளை வந்த அன்றே எனக்குக் காட்டினாள்.

"அன்ரி, ஆர் வந்து விசாரிச்சாலும் நான் இஞ்ச இல்லையெண்டு சொல்லுங்கோ. அவன் கண்டுபிடிச்சால் என்னைக் கொல்லுவன் எண்டவன்."

"ஓம் பிள்ளை," என்றேன். அந்த நேரம் மனதாரத்தான் சொன்னேன்.

ஏப்ரலில் என் கொப்பியைத் திருத்தித் தந்தவள் சஜிதாதான். மற்ற ஏழு வசனங்களையும் அவளைப் பார்த்தே எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை, பக்கத்து வீட்டுக்காரி என்று போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி நாலு இருபதுக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிறாள், நான் அவளை ஜன்னலால் கண்காணிக்கிறேன். இப்படியான வசனங்கள். அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"உது ஆற்ற வீட்டை அன்ரி பாக்கிறியள்? பாவம் அந்த மனுசி."

சிரித்துக்கொண்டே பிழைகளைத் திருத்தினாள். நல்லாகப் படிப்பிப்பாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொப்பியைத் திருப்பித் தரும்போதுதான் என் இடது கைச் சுண்டுவிரலைக் கண்டாள். அது மடங்காது.

"அங்கிளோ செய்தவர்?"

"ஓம்."

"பிறகேன் அன்ரி நீங்கள் விட்டிட்டுப் போகேல்லை?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பார்வையில் இரக்கம் இருந்தது. முப்பத்தொரு வருடம் ஒருவரோடு இருந்து, கடைசியில் அவருக்கு மலசலம் எடுத்து, கொள்ளியும் வைப்பித்தவள் நான். மூன்று வருடத்தில் ஓடி வந்தவள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள். அதை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் போனேன். மண்டபத்தில் என் மேசையில் இருந்தவ பேபி என்று ஒரு மனுசி. இப்படியான இடங்களில் நாங்கள் எல்லாரும் செய்வதுபோல ஊர் எது, ஆருடைய ஆள் என்று விசாரித்துக்கொண்டோம். சோறு வர முன்னமே போனை எடுத்து மகன் ஜெனோசனின் கலியாணப் படத்தைக் காட்டினா. பக்கத்தில் சஜிதா கூறைச்சேலையோடு நின்றாள்.

"உவள்தான் எங்கட மருமகள். என்ர பேத்தி அட்சயாவைக் கண்டு எட்டு மாசம்," என்று அழுதா.

ஒரு குடும்பம் பிரிந்து கிடக்கிறது என்று எனக்கும் மனது கஷ்டப்பட்டது. கோவில் விஷயம் ஒன்று கதைக்கவேண்டும் என்று சொல்லி மகனின் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

முதலில் அவனுக்குத் தமிழில்தான் எழுதினேன். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில் அனுப்புங்கோ அன்ரி என்று பதில் போட்டான். என்னிடம் ஆங்கிலத்தில் ஏழு வசனம் பிழையில்லாமல் தயாராக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியை எடுத்துவிட்டு சஜிதா என்று போட்டேன். விலாசத்தோடு இன்னும் மூன்று சேர்த்தேன். எந்த பஸ், எந்தப் பக்கக் கதவு, எந்த நேரம் தனிய இருப்பாள். பத்து முடிந்தது.

வியாழக்கிழமை பின்னேரத்தைத் தெரிவு செய்ததும் நான்தான். அன்றைக்கு அட்சயா ஐந்தரை வரை பிள்ளைகளைப் பார்க்கிற டேகெயாரில் நிற்கும். பிள்ளைக்கு ஒன்றும் நடந்துவிடக்கூடாதென்று யோசித்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கு இதிலிருந்தே விளங்கவேண்டும். புருஷன் பெண்சாதி இருந்து கதைத்து ஒன்று சேரட்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை.

பக்கக் கதவின் பூட்டை மூன்றரைக்குத் திறந்துவிட்டேன். அவள் நாலு இருபதுக்கு வந்தாள். அவன் நாலு நாற்பதுக்கு வந்தான். நான் மேலே குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன். முதலில் கதைத்தார்கள். பிறகு ஏதோ விழுந்தது. பிறகு அவள் "அன்ரி" என்று கூப்பிட்டாள். எண்ணிச் சொன்னால் மூன்று தரம். இரண்டாம் தரம் கூப்பிட்டபோது அடுப்புக்கு மேலே இருக்கும் புகைவிசிறியைப் போட்டேன். மூன்றாம் தரம் அது கூடின சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் கேட்டது. போன் கைக்கெட்டின தூரத்தில் மேசையில் இருந்தது.

அவன் ஐந்து மணிக்கு முன்னம் போய்விட்டான். நான் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு டேகெயாரிலிருந்து, பிள்ளையை எடுக்க ஒருவரும் வரவில்லையென்று, சஜிதா அவசரத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த என் நம்பருக்கு அடித்தார்கள். தாய் வரமாட்டாள் என்று ஆங்கிலத்தில் தடுமாறாமல் பதில் சொன்னேன். அவர்கள் பொலிசுக்கு அறிவித்த பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். அவள் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை செத்துப்போய்விட்டாள் என்று நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஏன் ஒரு உதவிக்குக்கூட ஆளைக் கூப்பிடவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நானும் புருஷனும் முதலில் பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தோம். பக்கத்து யூனிற்றில் எங்கட ஆள் ஒருத்தி, பேர்ணடெற் என்று பெயர். இந்த விரல் முறிந்த அன்று நானும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவைக் கூட்டி வைத்தா. அடுத்த நாள் மீன்குழம்பு கொண்டுவந்து தந்தா, ஒரு கேள்வி கேட்கவில்லை, இரக்கமாகப் பார்க்கவும் இல்லை. நல்ல மனுசி. அவவை ஒரு பொலிசும் இப்படி அறையில் இருத்தி எழுதச் சொல்லவில்லை.

அன்றைக்குப் பொரித்த மீனில் நடுத்துண்டு இரண்டை சஜிதாவுக்கென்று எடுத்து மூடி வைத்திருந்தேன்.