நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில்

ஒலிவாங்கியை என்னிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் கொடுத்துவிட்டுக் கலங்கிப்போய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! மூன்றாம் மாடியை ஆளும் இதய மருத்துவர் அவர்களே! ஐந்தாம் மாடியை ஆளும் புற்றுநோய் அறுவை மருத்துவர் அவர்களே! நான் பிழைக்க மாட்டேன் என்று என் காதுபடவே கணித்த என் மைத்துனர் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும், ஆம், மைத்துனருக்கும் சேர்த்து, என் வணக்கம்.

ஒரு மனிதனுக்கு ஒரு நோய் வந்தால் உறவு வரும்; பழம் வரும்; ஆறுதல் வரும். இரண்டு நோய் ஒன்றாக வந்தால்? மாடிப்படி வரும்! எனக்குக் குடலில் கட்டி. அதை எடுப்பதற்கு முன் செய்த பரிசோதனையில் இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு.

ஐந்தாம் மாடி சொன்னது: "இந்த இதயத்தோட மயக்க மருந்து தாங்காது. மொதல்ல அடைப்பைச் சரிபண்ணிட்டு வாங்க."

இறங்கினேன். மூன்றாம் மாடி சொன்னது: "அடைப்பை விரிக்க ஸ்டென்ட் வச்சா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும். அப்ப கத்தி வச்சா ரத்தம் நிக்காது. மொதல்ல கட்டியை எடுத்துட்டு வாங்க."

ஏறினேன். இறங்கினேன். முட்டி வலிக்க, மூச்சு முட்ட, மீண்டும் ஏறினேன். என்ன பணிவு! என்ன பண்பு! 'நீங்கள் முதலில்', 'இல்லை, நீங்கள் முதலில்' என்று வாசலில் நின்று உபசரித்துக்கொண்ட இரு கனவான்களுக்கு நடுவே, உள்ளே போக முடியாமல் நின்றது என் உயிர்!

என்ன ஐயா? லிஃப்ட் இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது. 'ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. நான் இன்னும் அந்தத் தகுதியை அடையவில்லை.

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று எனக்குச் சிரிக்க மூச்சில்லை. ஒரு நாள் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாத்திரையை நாக்கடியில் வைத்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசினாங்களா?"

படித்தவன் நான், பட்டங்கள் பெற்றவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை!

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரே அவள் குரல் கேட்டு ஓடும். நானும் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். நேராக வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கிருந்த பெண்ணின் மைக்கை எடுத்தாள்.

"ஐயோ அக்கா, மைக்கைக் குடுங்கக்கா! என் வேலை போயிடும்!"

"இரும்மா, ஒரு நிமிஷம்... பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மூன்றாம் மாடி இதய டாக்டரும், ஐந்தாம் மாடி புற்றுநோய் டாக்டரும் உடனடியாக நான்காம் மாடிக்கு வரவும்!"

ஒருவர் மேலே பாய்ந்தார். ஒருவர் கீழே பாய்ந்தார். நான்காம் மாடி என்ன தெரியுமா? பிரசவப் பிரிவு! மகப்பேற்றுக்குக் காத்திருந்த கணவர்களுக்கு நடுவே இருவரும் மூச்சிரைக்க மோதிக்கொண்டார்கள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"இவருக்குத்தான் சார். பேசுங்க," என்றாள் என் மனைவி.

இதய மருத்துவர் தயங்கினார். "கட்டி முத்திடுச்சுன்னு நெனச்சேன் சார். எத்தனை நாள் இருப்பாரோ, ஸ்டென்ட் எதுக்குன்னு..."

"யார் சொன்னா? பரவவே இல்ல! எடுத்துட்டா நல்லா இருப்பார். நான்தான் உங்க ரிப்போர்ட்டைப் பாத்து, இதயம் டேபிள்லயே நின்னுடும்னு..."

"அடைப்பு ஒரே ஒரு எடத்துலதான் சார்! இப்ப வர்ற ஸ்டென்டுக்கு இவர் மாதிரி ஆளுக்கு ஒரு மாசம் ரெண்டு மாத்திரை போதும். அப்புறம் ஒண்ணை நிறுத்திடறேன். நீங்க கத்தியை எடுங்க."

"ஒரு மாசம்தானா? அதுவரைக்கும் கட்டியை விட்டு வைக்கலாம் சார்!"

கேட்டீர்களா தோழர்களே! புற்று என்னைக் கொன்றுவிடும் என்று இதயக்காரர் கைவிட்டார். இதயம் என்னைக் கொன்றுவிடும் என்று புற்றுக்காரர் கைவிட்டார். இரண்டு நோயும் என்னைக் கொல்லவில்லை. இருவரின் மௌனம் கொல்லப் பார்த்தது!

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு புது அப்பா கேட்டார்: "உங்களுக்கு என்ன குழந்தைங்க?"

என் மனைவி சொன்னாள்: "இன்னும் முடிவாகலை. பேசிக்கிட்டிருக்காங்க."

ஸ்டென்ட் வைத்தார்கள். கட்டியை எடுத்தார்கள். மைத்துனர் ஏமாந்தார். இன்று, இருவரும் சேர்ந்து பார்க்கும் புதிய பிரிவைத் திறக்கிறோம். பாராட்டத்தான் வந்தேன். ஆனால், உள்ளே வரும்போது பலகையைப் படித்தேன். படித்துத் தொலைப்பது என் பழக்கம். 'இதய மருத்துவர்: திங்கட்கிழமை. புற்றுநோய் மருத்துவர்: வியாழக்கிழமை.'

கைதட்டாதீர்கள்! இது கைதட்டும் இடமல்ல! நோய்கள் இரண்டும் நாள் பிரித்துக்கொண்டா வருகின்றன? இதயம் திங்கட்கிழமை துடித்துவிட்டு வியாழன் வரை விடுப்பு எடுக்குமா? உடம்பு ஒன்று, உயிர் ஒன்று, அதைக் காக்கும் இருவருக்கு நாள் மட்டும் இரண்டா? இன்று இந்த அரங்கில் எத்தனை பேர் இரண்டு கோப்புகளைக் கையில் வைத்திருக்கிறீர்கள்? அவர்களுக்காகக் கேட்கிறேன், இதய மருத்துவர் அவர்களே, பதில் சொல்லுங்கள்!

என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கள், இவர்கள் கேட்கட்டும்.

"நானும் வியாழக்கிழமையே வந்துடறேன் சார். நீங்க மேடையை விட்டு எறங்குங்க."

இப்போது தட்டுங்கள்! அவர் மனம் மாறுவதற்குள் தட்டுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. மருத்துவர்கள் இருவரையும் நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்காமல் இருப்பதற்கு உயிரோடு இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறேன். அதற்கும் அவர்களுக்கே நன்றி. வணக்கம்!